கார்ப்பரேட் சேல்ஸ் இண்டர்வியூ: புதுச்சேரி, கடலூரிலிருந்து கிளம்பும் புதியவர்களுக்கு

சேல்ஸ் வேலை என்றதும் வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவதுதான் என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். கார்ப்பரேட் சேல்ஸில் வாங்குவது தனி ஆள் கிடையாது, ஒரு நிறுவனம். சேதராப்பட்டில் இருக்கும் மருந்துத் தொழிற்சாலைக்கு அட்டைப்பெட்டி, கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் யூனிட்டுக்குக் கையுறை, ஒரு பொறியியல் கல்லூரிக்கு லீஸ்டு லைன் (அவர்களுக்கென்றே தனி இணைய) இணைப்பு, ஐம்பது பேர் வேலை செய்யும் ஆபீஸுக்குக் குரூப் இன்சூரன்ஸ், சென்னைக் கம்பெனியின் வருடாந்திரக் கூட்டத்துக்குப் புதுச்சேரி ஓட்டலில் நாற்பது அறை. இப்படிப்பட்ட விற்பனை எல்லாம் இதில் அடங்கும். ஒரு ஆர்டர் முடிய மூன்று வாரமும் ஆகும், எட்டு மாதமும் ஆகும். நாலைந்து பேர் தலையாட்டினால்தான் பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வரும்.

இந்த இண்டர்வியூவில் நம் பக்கத்துப் பிள்ளைகள் இங்கிலீஷால்தான் தோற்கிறார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். தோற்பது பெரும்பாலும் வேறு இடத்தில். யாரிடம் விற்பாய், எவ்வளவுக்கு விற்பாய், பணம் எப்போது வரும் என்ற மூன்று கேள்விக்கும் கையில் பதில் இருக்காது. அந்தப் பதில்கள் இருந்தால் தட்டுத்தடுமாறிய இங்கிலீஷையும் மேனேஜர் பொறுத்துக்கொள்வார். அவருக்கு வேண்டியது சிதம்பரம் சாலையில் ஒரு ஸ்டோர்ஸ் இன்சார்ஜிடம் தமிழில் பேசிக் காரியம் முடிக்கும் ஆள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்று பதில்களைத் தயார் செய்வது பற்றித்தான்.

விளம்பரத்தைப் பார்த்ததும்

பதவிப் பெயரை நம்பாதீர்கள். "பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிக்யூட்டிவ்" என்ற ஒரே பெயரில் போனில் பேசும் இன்சைடு சேல்ஸும் வரும், வண்டியில் சுற்றும் ஃபீல்டு சேல்ஸும் வரும், டீலர்களைக் கவனிக்கும் சேனல் சேல்ஸும் வரும். தெருமுனையில் கிரெடிட் கார்டு விற்கும் வேலைகூட அதே பெயரில் வரும். எச்ஆரிடமிருந்து முதல் போன் வரும்போதே ஐந்து விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: வாடிக்கையாளர் நிறுவனமா தனிநபரா, ஹெட்குவார்ட்டர், அதாவது நீங்கள் தங்கி வேலை பார்க்கும் ஊர் எது, டெரிட்டரி எதுவரை, சம்பளத்தில் ஃபிக்ஸட் எவ்வளவு, டார்கெட்டைப் பொறுத்து வரும் வேரியபிள் எவ்வளவு, சொந்த வண்டி வேண்டுமா. இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். கேள்வி கேட்கிற ஆளைத்தான் சேல்ஸுக்குத் தேடுகிறார்கள்.

ஹெட்குவார்ட்டர் விஷயத்தைத் தனியாகக் கவனியுங்கள். "பாண்டிச்சேரி ஹெட்குவார்ட்டர்" என்று சொல்லிவிட்டு, டெரிட்டரியில் விழுப்புரம், திண்டிவனம், கடலூர், நெய்வேலி, சிதம்பரம் என்று நீட்டிக்கொண்டே போவார்கள். இரவு தங்கும் பயணம் மாதத்தில் எத்தனை நாள் என்பதைப் போனிலேயே கேட்டுவிட்டால் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்காது.

ஒரு தாள் வீட்டுப்பாடம்

இண்டர்வியூவுக்கு முந்தைய வாரம் செய்ய வேண்டிய வேலைகளில் இதுதான் முதலாவது. மேனேஜர் எப்படியும் கேட்பார்: "பாண்டி, கடலூர் ஏரியாவை உங்க கையில கொடுத்தா முதல் மாசம் எங்க போவீங்க?" பத்தில் எட்டுப் பேர் "எல்லா கம்பெனிக்கும் போவேன் சார்" என்பார்கள். அந்தப் பதிலில் ஒன்றுமே இல்லை.

ஏ4 தாள் ஒன்றை எடுத்து நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள். நிறுவனத்தின் பெயரும் இடமும் முதல் பத்தியில். அங்கே என்ன தயாரிக்கிறார்கள் என்பது இரண்டாவதில். நீங்கள் விற்கப்போகும் பொருள் அவர்களுக்கு எதற்குத் தேவைப்படும் என்பது மூன்றாவதில். அங்கே யாரை முதலில் பார்க்க வேண்டும் என்பது நான்காவதில். இருபது வரி போதும். ஒரு நாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளைச் சுற்றினால் போர்டைப் படித்தே பாதித் தாள் நிறைந்துவிடும். சேதராப்பட்டு, திருபுவனை, கிருமாம்பாக்கம் பக்கம் இன்னொரு நாள் போகலாம். கேட்டில் செக்யூரிட்டியிடம் மரியாதையாகப் பேசினால், சப்ளையர்களை எந்த நாளில் எத்தனை மணிக்குப் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லிவிடுவார். பல தொழிற்சாலைகளில் அதற்கென்று நாளும் நேரமும் ஒதுக்கியிருப்பார்கள். இண்டர்வியூவில் "அங்கே சப்ளையர் மீட்டிங் மத்தியானம் மூணு மணிக்கு மேலதான் சார்" என்று ஒரு வரி சொன்னால், தாளில் இருப்பது இணையத்தில் சுட்ட பட்டியல் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

ஏரியாவின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கடலூர் சிப்காட்டில் கெமிக்கல், சாயப்பொருள், மருந்து மூலப்பொருள் யூனிட்டுகள் அதிகம். அங்கே பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுனுக்குச் சில வாரம் முன்னால் வால்வு, கேஸ்கெட், பாதுகாப்புச் சாமான் எல்லாவற்றுக்கும் சேர்ந்தாற்போல் ஆர்டர் வரும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு அரவை ஒரு பருவம், பராமரிப்பு ஒரு பருவம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி பதப்படுத்துகிறவர்களுக்கு டின், பவுச், அட்டைப்பெட்டி தேவைப்படும். அவர்களில் பெரும்பாலும் முதலாளியே முடிவெடுப்பார், பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் என்று தனியாக இருக்காது. புதுச்சேரி ஓட்டல்களில் வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறுவரை கூட்டம் நெரியும், அந்த நேரத்தில் போய் நின்றால் முகம் கொடுத்துப் பேச ஆள் கிடைக்காது. நவம்பர், டிசம்பரில் மழையும் புயலும் வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பாண்டியில் தெருவெல்லாம் நீரானது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த இரண்டு மாத டார்கெட்டில் கொஞ்சம் அக்டோபரிலேயே முடிக்கப் பார்ப்பேன் என்று சொல்கிறவர் ஏரியாவை அறிந்தவர்.

நெய்வேலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "என்எல்சிக்கு விப்பேன் சார்" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு, "எப்படி?" என்றதும் விழிப்பவர்கள் நிறைய. அது மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம். அங்கே டெண்டர் வழியாகவும், 2016இல் தொடங்கிய ஜெம் என்ற அரசுக் கொள்முதல் இணையதளம் வழியாகவும் கொள்முதல் நடக்கும். டெபாசிட், டெக்னிக்கல் பிட், பிரைஸ் பிட் என்ற படிகள் உண்டு. ஜிப்மர் மருத்துவமனையும் ஏறக்குறைய இப்படித்தான். ஆகவே "அரசு நிறுவனங்களுக்கு டெண்டர் அட்டவணையைக் கவனிப்பேன், மாத டார்கெட்டைத் தனியார் யூனிட்டுகளில் முடிப்பேன்" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

முள்ளோடை எல்லையைத் தாண்டினால் பில் மாறும்

நம் ஏரியாவுக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. இதற்குப் பதில் தெரிந்த புதியவரைப் பார்ப்பது அபூர்வம், தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே மதிப்பு ஏறிவிடும்.

ஜிஎஸ்டியில் புதுச்சேரியின் குறியீடு 34, தமிழ்நாட்டின் குறியீடு 33. சேதராப்பட்டுக் கிடங்கிலிருந்து கடலூருக்குச் சரக்கு போனால் தூரம் ஒரு மணி நேரப் பயணம்தான், பில்லில் அது வெளிமாநில விற்பனை. 18 சதவீத வரிப் பொருளென்றால் முழுவதும் ஐஜிஎஸ்டி என்று வரும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில் எடுக்க வேண்டும். அதே சரக்கு சென்னைக் கிடங்கிலிருந்து கடலூருக்கு வந்தால் 9 சதவீதம் சிஜிஎஸ்டி, 9 சதவீதம் எஸ்ஜிஎஸ்டி, தமிழ்நாட்டுக்குள் இ-வே பில் வரம்பு 1 லட்சம். வாங்குகிறவர் கட்டும் மொத்த வரி ஒன்றுதான். ஆனால் குறியீடு மாறிப் பில் போட்டால் அவருடைய அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட் பில்லைத் திருப்பி அனுப்பும், பணம் ஒரு மாதம் தள்ளிப்போகும். புது சேல்ஸ்மேனின் முதல் சண்டை பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது. "எந்தக் கிடங்கிலிருந்து சார் சப்ளை?" என்று நீங்களே மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள்.

ரெஸ்யூம்

ஒரு பக்கம் போதும். அனுபவம் உள்ளவர் ஒவ்வொரு வேலைக்கும் டார்கெட், முடித்தது, எத்தனை புது அக்கவுண்ட் (வாடிக்கையாளர் நிறுவனம்) என மூன்று எண்ணைப் போடட்டும். புதியவர் கல்லூரி விழாவுக்கு எத்தனை கடையில் ஏறி எவ்வளவு ஸ்பான்சர் பிடித்தார் என்பதை எழுதலாம். அப்பாவின் கடையில் உட்கார்ந்ததைப் பலர் மறைத்துவிடுகிறார்கள். மறைக்கவே கூடாது. கடன் நோட்டைப் பார்த்து வசூலுக்குப் போனவருக்கு இந்த வேலையின் கஷ்டமான பாதி ஏற்கெனவே தெரியும். டூவீலர் லைசென்ஸ் இருந்தால் கீழே ஒரு வரி.

எச்ஆர் போன் சுற்று

பத்து, பதினைந்து நிமிடம் நடக்கும். தெளிவாகப் பேசுகிறாரா, சம்பள எதிர்பார்ப்பு பட்ஜெட்டுக்குள் வருகிறதா, எப்போது சேர முடியும் என்று பார்ப்பார்கள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்றுகொண்டு பேசாதீர்கள். "இப்போது வெளியில் இருக்கிறேன், அரை மணி நேரத்தில் நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சரியாக அந்த நேரத்துக்குக் கூப்பிடுங்கள்.

மேனேஜர் சுற்று: கணக்கு

இங்கேதான் பெரும்பாலோர் கழிக்கப்படுகிறார்கள். "ஏன் சேல்ஸ்?", "கோபக்கார வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள்?" போன்ற கேள்விகளுக்கு உண்மையாக ஒரு சம்பவத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நேரம் செலவழித்துப் பழக வேண்டியது கணக்கு.

முதல் கணக்கு டார்கெட்டைப் பின்னோக்கிப் பிரிப்பது. மாத டார்கெட் 6 லட்சம், சராசரி ஆர்டர் 50,000 என்று அவர் சொல்கிறார் என்று வையுங்கள். அப்படியானால் 12 ஆர்டர் வேண்டும். நான்கு கொட்டேஷனுக்கு ஒன்று ஆர்டராகும் என்றால் 48 கொட்டேஷன். இரண்டு சந்திப்புக்கு ஒரு கொட்டேஷன் என்றால் 96 சந்திப்பு. 24 வேலை நாளுக்கு ஒரு நாளைக்கு நான்கு. இதை ஒரு தாளில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள். அடுத்த வரிதான் முக்கியம்: காலையில் சேதராப்பட்டு, மத்தியானம் நெய்வேலி என்று ஓடினால் நாளைக்கு நான்கு சந்திப்பு நடக்காது. திங்கள் வில்லியனூர், திருபுவனை, செவ்வாய் கடலூர் சிப்காட் என்று ஒரு நாளுக்கு ஒரு திசை என வைத்தால்தான் நடக்கும். கணக்கு ரோட்டில் எப்படி நடக்கும் என்பதையும் யோசிக்கிற ஆள் என்று மேனேஜர் புரிந்துகொள்வார்.

இரண்டாவது கணக்கு தள்ளுபடி. "கஸ்டமர் 5 பர்சென்ட் குறைக்கச் சொல்றார், கொடுப்பீங்களா?" என்பார். 100 ரூபாய்ப் பொருளின் அடக்கம் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 20. ஐந்து ரூபாய் குறைத்தால் லாபம் 15. பழைய லாபத்தைத் திரும்பப் பிடிக்க மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விற்க வேண்டும், அதாவது 300 பெட்டி விற்ற இடத்தில் 400 பெட்டி. ஐந்து சதவீதத்தைச் சின்ன விஷயமாக நினைப்பவரை மேனேஜர் உடனே கண்டுபிடித்துவிடுவார். "அளவைக் கூட்டினாலோ, பணத்தைச் சீக்கிரம் கொடுத்தாலோ மட்டும் குறைக்கக் கேட்பேன்" என்பது சரியான பதில்.

மூன்றாவது கிரெடிட், அதாவது கடனுக்குச் சரக்கு கொடுப்பது. 1 லட்ச ரூபாய் 60 நாள் வெளியில் நின்றால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கம்பெனிக்குச் சுமார் 2,000 ரூபாய் செலவு. நீங்கள் சேரும் நிறுவனம் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமென்றால், 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருங்கள். ஆனால் வாடிக்கையாளரிடம் சட்டம் பேசி வசூலிப்பேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அடுத்த ஆர்டர் போய்விடும்.

அனுபவத்தோடு கம்பெனி மாறுகிறவர்களுக்கு ஒன்று. சில இடங்களில் "உங்க பழைய கஸ்டமர் லிஸ்ட் இருக்கா? எந்த ரேட்டுக்குக் கொடுத்தீங்க?" என்று தூண்டில் போடுவார்கள். தரக் கூடாது. "ஏரியாவும் ஆட்களும் தெரியும் சார், பழைய கம்பெனியின் ரேட்டைச் சொல்வது முறையில்லை" என்று சொல்லுங்கள். "90 நாள் பிளான் எழுதிக் கொண்டு வாங்க" என்றாலும் அப்படியே. எந்த வாரத்தில் எந்த வகை நிறுவனம், எத்தனை சந்திப்பு என்ற வடிவத்தைக் கொடுங்கள், ஆட்களின் பெயரும் போன் நம்பரும் அதில் வேண்டாம்.

ரோல் பிளே

"இந்தப் பேனாவை எனக்கு வில்லுங்க" என்பது இதன் பழைய வடிவம். இப்போது கம்பெனியின் சொந்தப் பொருளையே கொடுப்பார்கள். பாதுகாப்புச் சாமான் விற்கும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நான் சிப்காட்ல ஒரு கெமிக்கல் யூனிட்டோட பர்ச்சேஸ் மேனேஜர். நீங்க எனக்கு கிளவுஸ் விக்கணும். ஆரம்பிங்க" என்கிறார்.

தோற்கிறவர் இப்படித் தொடங்குவார்: "சார், எங்க கம்பெனி இருபது வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கு, ஐஎஸ்ஓ சர்டிபிகேட் இருக்கு..." மேனேஜர் குறுக்கே வெட்டுவார். "ரேட் என்ன?" "65 சார்." "எனக்கு 36க்கு வருது." "60க்குத் தர்றேன் சார்." இரண்டே நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. இனி எவ்வளவு இறங்கினாலும் 36ஐத் தொட முடியாது.

தேறுகிறவர் பேசுவது இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். எங்க பொருளைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு கேள்வி கேட்டுக்கலாமா?"

"கேளுங்க தம்பி."

"இப்ப எந்த கிளவுஸ் சார் போகுது? எந்த டிபார்ட்மென்ட்ல அதிகம் செலவாகுது?"

"ரப்பர்தான். டிரம் ஃபில்லிங்ல. மாசம் 600 ஜோடி."

"ஒரு ஜோடி எத்தனை நாள் சார் வருது?"

"ரெண்டு நாள். சால்வென்ட் பட்டுப் பட்டு உப்பிப்போயிடுது."

"எந்த சால்வென்ட் சார்?"

"ஹெக்சேன்."

"ஹெக்சேனுக்கு ரப்பர் தாங்காது சார், அதான் உப்புது. நைட்ரைல் தாங்கும். ஜோடி 65 ரூபா. உங்க 36 ரூபா கிளவுஸ் ரெண்டு நாள்னா, ஒரு நாளைக்கு 18 ரூபா ஆகுது. நைட்ரைல் அஞ்சு நாள் வந்துச்சுன்னா ஒரு நாளைக்கு 13 ரூபா. அஞ்சு நாள் வருமான்னு நான் சொல்றதை நம்ப வேணாம். இருபது ஜோடி டிரையலுக்குத் தர்றேன், உங்க ஆளுங்களே போட்டுப் பார்க்கட்டும். டிரையலை யார் சார் ஓகே பண்ணணும், சேஃப்டி ஆபீசரா?"

"ஆமா, அவர் கையெழுத்து வேணும்."

"வர்ற செவ்வாய்க்கிழமை சாம்பிளோட வந்தா அவரையும் பார்க்க முடியுமா சார்?"

இந்த உரையாடலில் நடந்ததைக் கவனியுங்கள். ஜோடி விலை என்ற பேச்சு நாள் செலவு என்று மாறிவிட்டது. மாதக் கணக்குப் போட்டாலும் நிற்கும்: 600 ஜோடி ரப்பருக்கு 21,600 ரூபாய், அதே வேலைக்கு 240 ஜோடி நைட்ரைலுக்கு 15,600 ரூபாய். முடிவெடுப்பவர் இன்னொருவர் என்பது தெரிந்துவிட்டது. அடுத்த சந்திப்புக்கு நாளும் குறித்தாகிவிட்டது. இந்த மூன்றையும்தான் மேனேஜர் தன் தாளில் டிக் அடித்துக்கொண்டிருப்பார்.

"எந்த சால்வென்ட்?" என்ற கேள்வியை விட்டுவிட்டால் எல்லாம் கவிழும். அவர் அசிட்டோன் என்று சொல்லியிருந்தால் நைட்ரைல் ஆகாது, அது சீக்கிரம் கெட்டுப்போகும். அப்போது "இந்த இடத்துக்கு எங்க நைட்ரைல் சரிப்படாது சார், வேற டிபார்ட்மென்ட்ல ஆயில், கிரீஸ் வேலை இருந்தா அங்க பார்க்கலாம்" என்று சொல்ல வேண்டும். தொழிலாளியின் கை வெந்துபோகிற விஷயம் இது. ஆர்டருக்காகப் பொய் சொல்கிறாரா என்று பார்ப்பதற்கென்றே சில மேனேஜர்கள் இப்படி ஒரு கண்ணி வைப்பார்கள்.

நீங்கள் போகும் கம்பெனி விற்பது கையுறையாக இருக்காது. ஆனால் பொருள் எதுவானாலும், இப்போது என்ன பயன்படுத்துகிறார்கள், எவ்வளவு செலவாகிறது, எங்கே தொந்தரவு, யார் முடிவெடுக்கிறார் என்ற நான்கு கேள்வியை அந்தப் பொருளுக்கு ஏற்ப எழுதி வைத்து, நண்பரை எதிரில் உட்கார வைத்துக் குறைந்தது ஐந்து தடவை பழகுங்கள். நண்பர் கறாராகப் பேச வேண்டும், சிரித்துக்கொண்டே தலையாட்டினால் பழகியதாக ஆகாது. "60 நாள் கிரெடிட் வேணும்", "ஏற்கெனவே ஒருத்தர் பத்து வருஷமா கொடுக்கிறார்", "அடுத்த மாசம் வாங்க" என்ற மூன்றையும் அவர் உங்கள் மேல் எறியட்டும். கிரெடிட்டுக்கு அங்கேயே சரி என்று சொல்லிவிடாதீர்கள், "மேனேஜரைக் கேட்டு நாளைக்குச் சொல்றேன் சார்" என்பதே போதும். பழைய சப்ளையரைக் குறை சொல்லவே கூடாது. அவரைத் தேர்ந்தெடுத்தது எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான்.

ஃபீல்டு நாள்

சில கம்பெனிகளில் ஆஃபர் கொடுக்கும் முன் ஒரு நாள் சீனியரோடு வண்டியில் அனுப்புவார்கள். இதுவும் இண்டர்வியூதான். சீனியர் பேசும்போது இடையில் புகாதீர்கள். சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் "இன்னிக்கு என்ன கவனிச்சே?" என்று கேட்பார். இரண்டு விஷயமாவது சொல்லத் தெரிய வேண்டும். அதோடு நீங்களும் கம்பெனியைக் கவனியுங்கள். வாடிக்கையாளர்கள் அந்தச் சீனியரைப் பார்த்ததும் முகம் மலர்கிறார்களா, அல்லது பழைய புகாரை எடுத்து நீட்டுகிறார்களா? ஒரே நாளில் மூன்று இடத்தில் "போன தடவை சரக்கே வரலியே" என்று கேட்டால், சேர்ந்த பிறகு உங்கள் மாதம் எப்படிப் போகும் என்பது தெரிந்துவிடும்.

பயணம், உடை

கடைசிச் சுற்று பெரும்பாலும் சென்னையில். பாண்டியிலிருந்து 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திண்டிவனம் வழி வண்டிகள் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து கிண்டிப் பக்கம் போக இன்னும் ஒரு மணி நேரம் வையுங்கள். பத்து மணி இண்டர்வியூவுக்கு நாலரை மணி வண்டியாவது பிடிக்க வேண்டும். முடிந்தால் முந்தின நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடலாம். முழுக்கைச் சட்டை, ஷூ, பெண்களுக்குச் சுடிதாரோ புடவையோ எது பழக்கமோ அது. டை கட்டாயமில்லை. வியர்வைக்கு மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

பெண்களிடம் கல்யாணம் எப்போது, வெளியூர் போக வீட்டில் விடுவார்களா என்று இன்னும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி தவறு. "வேலைக்குத் தேவையான பயணம் செய்வேன் சார், டெரிட்டரியைப் பார்த்தேன், பெரும்பாலான இடங்களுக்கு மாலைக்குள் போய்த் திரும்பிவிடலாம்" என்று வேலையின் பக்கம் திருப்பிவிடுங்கள். தங்கும் பயணத்துக்கு எந்த மாதிரி ஓட்டல், இரவானால் டாக்ஸி செலவு உண்டா என்று நீங்களும் கேட்க வேண்டும்.

சம்பளம்: 3.6 லட்சம் என்பது கையில் எவ்வளவு?

"சிடிசி 3.6 லட்சம்" (கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தம்) என்றதும் மாதம் 30,000 என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். 3,60,000இல் 96,000 வேரியபிள். மீதி 2,64,000, மாதத்துக்கு 22,000. பேசிக் 12,000 என்றால் கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 1,440. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், 577. கிராஸ் சம்பளம் (உங்கள் பிடித்தம் போகும் முன் உள்ளது) 21,000க்குள் வருவதால் இஎஸ்ஐ உண்டு, கம்பெனியின் பங்கு 3.25 சதவீதம், 629. இந்த மூன்றும் 22,000க்குள் அடக்கம். ஆக கிராஸ் 19,354. அதிலிருந்து உங்கள் பிஎஃப் 1,440, உங்கள் இஎஸ்ஐ 0.75 சதவீதம் 146 போனால், கைக்கு வருவது 17,768 ரூபாய். அலவன்ஸைப் பிரிக்கும் விதத்தைப் பொறுத்து இது கொஞ்சம் ஏறி இறங்கும். தொழில்வரி இருந்தால் அதையும் தனியாகப் பிடிப்பார்கள்.

அந்த 96,000 வருமா என்பதுதான் அடுத்த கேள்வி. மூன்று விஷயங்களைக் கேளுங்கள். டார்கெட்டில் எத்தனை சதவீதத்திலிருந்து வேரியபிள் தொடங்கும்? 80க்குக் கீழே பூஜ்யம் என்று வைத்திருக்கும் இடங்கள் உண்டு. பில் போட்டதும் தருவார்களா, பணம் வசூலானதும் தருவார்களா? இந்த ஏரியாவில் போன வருடம் இருந்தவர் எத்தனை மாதம் முழு வேரியபிள் வாங்கினார்? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் உஷாராகிவிடுங்கள். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு எவ்வளவு, மாதத்துக்கு உச்சவரம்பு உண்டா, பில்லைக் கொடுத்தால் எத்தனை நாளில் பணம் வரும் என்பதையும் இதே மூச்சில் கேளுங்கள். சம்பளத்தைவிட இந்தப் பெட்ரோல் பாக்கியால் வேலையை விட்டவர்கள்தான் அதிகம் என்று தோன்றுகிறது. வாயால் சொன்னது எதுவும் கணக்கில் சேராது, ஆஃபர் லெட்டரில் எழுத்தாக இருக்க வேண்டும்.

பணம் கேட்டால்

ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம், டிரெய்னிங் டெபாசிட், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். வேலை கொடுக்கிறவர் வேலை தேடுகிறவரிடம் பணம் வாங்கும் நேர்மையான காரணம் எதுவும் இல்லை. "கார்ப்பரேட் சேல்ஸ்" என்று கூப்பிட்டு, போனால் ஆள் சேர்க்கும் சங்கிலித் திட்டமாக இருக்கும். முதல் நாளே சொந்தக்காரர்களின் பட்டியல் எழுதச் சொன்னால் அது அதுதான். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டுங்கள், ஒப்படைக்காதீர்கள். ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

முடிந்து வந்த பிறகு

அன்று மாலையே மேனேஜருக்கு நான்கு வரியில் மெயில் அனுப்புங்கள். சந்தித்ததற்கு நன்றி, பேசியதில் ஒரு விஷயம், அவர் கேட்டு உங்களுக்குத் தெரியாமல் போன ஒரு கேள்விக்குத் தேடிப் பிடித்த பதில். அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கூப்பிடும் மேனேஜர்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் வாடிக்கையாளரிடமும் நாளை இதையேதான் செய்யச் சொல்லப்போகிறார். ஒரு வாரம் பதில் வராவிட்டால் எச்ஆருக்கு ஒரு போன். இன்னொரு வாரம் கழித்து ஒரு மெசேஜ். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

எடுக்கவில்லை என்றால் எந்தச் சுற்றில் நின்றது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பலர் சொல்லிவிடுவார்கள். இருபது நிறுவனத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். அடுத்து வரும் கம்பெனி விற்பது வேறு பொருளாக இருந்தால், மூன்றாவது பத்தியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி எழுதினால் போதும்.